ஞாயிற்றுக் கருப்பட்டி

எம்டன் கப்பல் சென்னைப் பட்டணத்தில் குண்டு போட்டுவிட்டுப் போனதே ஒரு புரட்டாசியில், அதற்கு அடுத்து வந்த கோடையில் நடந்தது இது. வருஷத்தை எண்ணாகக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. நான் பள்ளிக்கூடத்துப் படி ஏறினவனில்லை. நான் சொல்லிக்கொண்டே போகிறேன், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

எம்டனை எங்கள் ஊரில் யாரும் மறக்கவில்லை. திசையன்விளைக்குத் தெற்கே, செம்மணலும் பனையுமாகக் கிடக்கும் ஊர் எங்களுடையது. கடல் எங்களுக்குக் காலார நடக்கிற தூரம். எம்டன் இந்தப் பக்கமும் வருகிறது என்று சந்தையில் யாரோ கிளப்பிவிட்டார்கள். எங்கள் தெருவில் ஒருவர், ஜெர்மன்காரன் வந்து அள்ளிக்கொண்டு போய்விடுவான் என்று வீட்டில் இருந்த கருப்பட்டி முழுவதையும் மணலில் குழி தோண்டிப் புதைத்துவிட்டார். ஐப்பசியில் மழை கொட்டியது. கார்த்திகையில் தோண்டிப் பார்த்தால் கருப்பட்டி இல்லை, எறும்புதான் இருந்தது. "கடைசியில எம்டன்காரன் கொண்டுட்டுத்தாம்வே போயிட்டான்" என்று அவரை அவர் சாகிற வரைக்கும் கேலி செய்தார்கள். அது கிடக்கட்டும். நான் சொல்ல வந்தது வேறு.

அப்போது எனக்கு இருபது வயது இருக்கும். எங்கள் வேதக்கோயில் சபையில் கலியாணமாகாத வாலிபர்கள் பன்னிரண்டு பேர். பன்னிரண்டு பேரும் பனை ஏறுகிறவர்கள். பனைத் தொழிலைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் என் கோபம் விளங்காது. மாசியில் தொடங்கி ஆடி வரைக்கும் பனைக் காலம். ஒரு ஆளுக்கு முப்பது, நாற்பது மரம். காலையிலும் மாலையிலும் ஒவ்வொரு மரத்திலும் ஏறி, பாளையின் நுனியை மெலிசாகச் சீவிவிட வேண்டும். சீவினால்தான் பதநீர் சொட்டும். ஒரு நாள் சீவாமல் விட்டாலே பாளையின் வாய் காய்ந்து அடைத்துக்கொள்ளும். அந்த மரத்தில் அந்த வருஷம் பிறகு ஒன்றும் கிடைக்காது. இறக்கின பதநீரை அன்றன்றைக்கே பெண்கள் காய்ச்சிக் கருப்பட்டியாக்கிவிட வேண்டும். வைத்திருந்தால் புளித்துப்போகும். இந்த ஆறு மாதத்தில் சம்பாதிப்பதைத்தான் மற்ற ஆறு மாதம் தின்பது. மரத்துக்கு ஞாயிறும் கிடையாது, திங்களும் கிடையாது.

ஆனால் எங்களுக்கு ஞாயிறு உண்டு. அதையும் சொல்ல வேண்டும். முன்னாளில் இருந்த வெள்ளைக்காரக் குருவானவர் ஒருவர், எங்கள் தாத்தா காலத்தில், எங்கள் தொழிலை நின்று பார்த்து ஒரு வழக்கம் ஏற்படுத்திவிட்டுப் போயிருந்தார். பனைக் காலத்தில் மட்டும் ஞாயிற்றுக்கிழமை கோயில் மணி பிந்தித்தான் அடிக்கும். முதல் மணி நாங்கள் மரத்திலிருந்து இறங்குவதற்கு. இரண்டாம் மணி குளித்துவிட்டு வருவதற்கு. மூன்றாம் மணிக்கு ஆராதனை. அன்றைக்கு இறக்கின பதநீர் எங்களுக்குக் கிடையாது. அதில் காய்ச்சிய கருப்பட்டி முழுவதும் கோயிலுக்கு. ஞாயிற்றுக் கருப்பட்டி என்றே அதற்குப் பெயர். கோயில் விளக்குக்கு எண்ணெய், கூரைக்கு ஓலை, உபதேசியாருடைய சம்பளம் எல்லாம் அதிலிருந்துதான் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை பனை ஏறுவது பாவம் என்று எங்கள் ஊரில் ஒரு குஞ்சும் நினைத்ததில்லை. ஞாயிற்றுக் கருப்பட்டியை வீட்டுக்கு எடுத்தால்தான் பாவம்.

நான் வேதம் படித்ததும் மரத்தில்தான். எனக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. பக்கத்து மரத்தில் ஏறுகிற கூட்டாளிக்குக் கொஞ்சம் தெரியும். அவன் அவன் மரத்து உச்சியிலிருந்து ஞானோபதேசக் கேள்வியைக் கத்துவான், நான் என் மரத்து உச்சியிலிருந்து பதிலைக் கத்துவேன். தப்பாகச் சொன்னால் "எறங்கிராதலே, திருப்பிச் சொல்லு" என்பான். இப்படியே நூற்றுச் சொச்சம் கேள்வி பதிலும் எனக்குப் பாடம். கீழே போகிறவர்கள் கிறுக்குப் பயல்கள் என்று நினைத்துக்கொண்டு போவார்கள்.

அந்த வருஷம் மாசியில் ஒருநாள் ஆராதனை முடிந்து உபதேசியார் ஒரு கடிதத்தை வாசித்தார். அவர் எங்கள் ஊரிலேயே குடியிருந்து சபையைப் பார்த்துக்கொண்டவர். குருவானவர் பல ஊர்ச் சபைகளுக்கும் பொது. எங்கள் பக்கத்தில் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வோம். கடிதம் ஐயரிடமிருந்து வந்திருந்தது.

"வாலிபப் புள்ளையளுக்கு பாவநாசத்துப் பக்கம், ஆத்தங்கரையில கூடாரம் அடிச்சுப் பத்து நாளு கூடுகை. சபைக்கு ரெண்டு பேரு வரணுமாம்."

"எப்பம்?" என்று அப்பா கேட்டார்.

"சித்திரைக் கடைசியில."

கோயிலுக்குள்ளேயே எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

"என்னத்துக்குவே சிரிக்கீரு?" என்றார் உபதேசியார்.

"பின்ன என்ன செய்யச் சொல்லுதீங்க? வயக்காட்டுக்காரனப் போயி அறுப்பு அன்னைக்குப் பாத்து விருந்துக்கு வாங்கன்னு கூப்புட்டா, அவனும் சிரிக்கத்தான் செய்வான்" என்றார் அப்பா.

"பள்ளிக்கூடம், காலேசு எல்லாத்துக்கும் அப்பந்தானவே லீவு?"

"எங்க பனைக்கு லீவு எப்பம்னு யாராவது கேட்டாகளா?"

உபதேசியாருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. முந்தின இரண்டு வருஷமும் இதே மாதிரிக் கடிதம் வந்தது, யாரும் போகவில்லை. அதற்காகக் கூடுகையை நடத்துகிற காரியதரிசி, அவர் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்து வாத்தியார், எங்கள் சபை வாலிபர்களை அனல் இல்லாதவர்கள் என்று பெரிய கூட்டத்தில் வாசித்திருந்தார். சித்திரை வெயிலில் நாற்பது மரம் ஏறுகிறவனைப் பார்த்து அனல் இல்லை என்று ஒரு ஆள் நிழலில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்!

ஆனால் அந்த வருஷம் கடிதத்தில் ஒரு வால் இருந்தது. திடப்படுத்தல் பெற விரும்புகிற வாலிபர்கள் பத்து நாளும் கூடுகையில் இருந்து, காரியதரிசியிடம் சீட்டு வாங்கி வர வேண்டும். சீட்டு இல்லாதவனுக்குத் திடப்படுத்தல் இல்லை.

இதில்தான் நான் மாட்டிக்கொண்டேன்; மற்றவர்களுக்கு அவசரமில்லை. அத்தியட்சர், அதாவது பிஷப் துரை, மூன்று வருஷத்துக்கு ஒருமுறைதான் எங்கள் பக்கம் வந்து தலையில் கை வைத்துத் திடப்படுத்துவார். அந்த வருஷம் ஆடியில் வருகிறார். திடப்படுத்தல் பெறாதவனுக்குக் கோயிலில் கலியாண ஓலை வாசித்து அறிவிக்கமாட்டார்கள். ஓலை வாசிக்காமல் கலியாணம் இல்லை. எனக்கோ ஆவணியில் என் மாமன் மகளோடு கலியாணம் என்று பேசி முடித்திருந்தது. மாமா கொழும்பில் ஒரு கடையில் வேலை பேசிக்கொண்டு, புரட்டாசியில் குடும்பத்தோடு கப்பலேற இருந்தார்.

மாமா வீட்டுக்கு வந்து நேராகவே சொல்லிவிட்டார். "மாப்ள, ஆவணிக்குள்ள முடியலன்னா நான் பொம்பளப் புள்ளைய இங்கன யாருகிட்ட விட்டுட்டுப் போவேன்? கொழும்புக் கடையில ஒரு பையன் இருக்கான், நம்ம ஆளுகதான். அங்கன வச்சுக் குடுத்துருவேன். பொறவு என்னக் குத்தம் சொல்லப்பிடாது."

அவரைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அந்தப் பெண்ணைச் சின்னப் பிள்ளையிலிருந்து எனக்குத் தெரியும். கருப்பட்டிப் பாகு இறக்குகிற பதம் எங்கள் ஊரில் அவளுக்குத் தெரிகிற மாதிரி அவள் அம்மாவுக்கே தெரியாது. கோபக்காரி. அவளைக் கொழும்புக்காரனுக்குக் கொடுத்துவிட்டு நான் எந்த மூஞ்சியோடு மரம் ஏறுவது?

மற்றப் பதினோரு பேரும் கூடிப் பேசினார்கள். என் நாற்பது மரத்தை ஆளுக்கு மூன்று நான்காகப் பிரித்துக்கொண்டார்கள். அவனவன் மரம் நாற்பது, அதற்கு மேல் என்னுடையது. "போயிட்டு வாலே, ஒன் மரம் எங்கயும் ஓடிராது" என்றான் மேலிருந்து கேள்வி கேட்கிறவன். இவர்களைத்தான் அனல் இல்லாத வாலிபர்கள் என்று எழுதினார்கள்.

கூடுகைச் செலவுக்குச் சபையின் பங்கு என்று உபதேசியார் இரண்டு ஓலைப்பெட்டி நிறையக் கருப்பட்டி கொடுத்துவிட்டார். ஞாயிற்றுக் கருப்பட்டிதான். ஒன்று தலையில், ஒன்று தோளில். நாங்குநேரி வரைக்கும் நடந்தே போனேன். அந்தப் பெருமாள் கோயில் கோபுரத்தை அன்றைக்குத்தான் கிட்டத்தில் பார்த்தேன். ரஸ்தா ஓரத்துப் புளியமரத்தடியில் பெட்டியை இறக்கி வைத்துக் கொஞ்சம் கண்ணயர்ந்ததற்குள் கட்டெறும்பு ஏறிவிட்டது. அங்கிருந்து பாளையங்கோட்டைக்கு வண்டி, அப்புறம் அம்பாசமுத்திரத்துக்கு ரயில், பிறகு மறுபடியும் நடை. விக்கிரமசிங்கபுரத்தில் பஞ்சாலையைப் பார்த்தேன். அந்த ஆலையின் சங்கு ஊதினால் மலை வரைக்கும் கேட்டது.

ஆற்றை நான் குறை சொல்லமாட்டேன். எங்கள் ஊரில் ஆள் உயரம் பத்துக்குக் கீழே கிடக்கிற தண்ணீரை இறைத்துக் குளிக்கிறவன் நான். சித்திரையிலும் அவ்வளவு தண்ணீர் யாரும் இறைக்காமல் தானாக ஓடிக்கொண்டிருக்கிறதைப் பார்த்ததும் எனக்கு முதலில் பயம் வந்தது. பிறகு இறங்கினால் ஏற மனமில்லை. அந்தத் தண்ணீருக்கு ஒரு ருசி உண்டு. இன்றைக்கும் தாமிரபரணித் தண்ணீர் என்றால் என் நாக்குக்குத் தெரியும்.

மாந்தோப்புக்குள் வெள்ளைத் துணிக் கூடாரங்கள். நடுவில் பெரிய ஓலைப்பந்தல். அறுபது எழுபது வாலிபர்கள். பாதிப் பேர் காலேஜில் படிக்கிறவர்கள், கோட்டும் தொப்பியும். விடிந்ததும் வேதப் புத்தகத்தோடு தனித்தனியாக மரத்தடியில் உட்கார வேண்டும். நான் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, மனப்பாடமாகத் தெரிந்ததை வாய்க்குள் சொல்லிக்கொள்வேன். பிறகு தேகப்பயிற்சி. கையைத் தூக்கு, காலைத் தூக்கு என்பார்கள். எனக்குச் சிரிப்பாக வந்தது. என் கூடாரத்தில் இருந்த காலேஜ் பிள்ளை ஒருவன் என் நெஞ்சிலும் கையிலும் இருந்த காய்ப்பைத் தொட்டுப் பார்த்து, "என்ன அண்ணாச்சி, ஆமை ஓடு மாதிரி இருக்கு?" என்றான். "நாப்பது பேரு தெனமும் ரெண்டு தடவ கெட்டிப் புடிக்காகல்லா, பின்ன எப்படி இருக்கும்?" என்றேன். நாற்பது மரத்தைச் சொல்கிறேன் என்று அவனுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது. நல்ல பையன்தான். எல்லாரும் கெட்டவர்கள் என்று நான் சொல்லவரவில்லை.

கூடுகை வியாழக்கிழமை தொடங்கியது. நாலாம் நாள் ஞாயிறு.

ஞாயிற்றுக்கிழமை விடிந்து கொஞ்ச நேரத்தில், அந்த ஊர்ப் பனையேறி ஒருத்தர் இரண்டு பெரிய பானையில் பதநீர் கொண்டுவந்து சமையல் பந்தலில் இறக்கினார். நல்ல பதநீர். பானை வெளியே வேர்த்திருந்தது. எல்லாருக்கும் ஆளுக்கொரு பட்டை. பட்டை என்றால் குருத்தோலையை மடக்கிப் பிடிக்கிறதுதான். காலேஜ் பிள்ளைகளுக்குப் பிடிக்கத் தெரியாமல் சட்டையெல்லாம் நனைத்துக்கொண்டார்கள். காரியதரிசி மூன்று பட்டை குடித்தார். எண்ணினேன் என்று சொல்லவில்லை, ஊற்றிக்கொடுத்தவனே நான்தான். வெயிலுக்கு இதமாக இருக்கிறது என்று வேறு சொன்னார். அதற்கு முன்னால் குடித்த காப்பியில் போட்டிருந்தது நான் சுமந்துகொண்டு வந்த கருப்பட்டி.

சாயங்காலம் பந்தலில் பிரசங்கம். காரியதரிசிதான் பேசினார். ஓய்வுநாளைப் பற்றி. நன்றாகத்தான் பேசினார், குரல் நல்ல குரல். பேசிக்கொண்டே வந்தவர், "இன்னைக்கு இந்த ஆலையின் சங்கு கேட்டதா? இல்லை. ஒரு பஞ்சாலை கூட ஓய்வுநாளுக்கு மரியாதை கொடுக்கிறது. ஆனால் தெற்கே சில சபைகளில் விசுவாசிகள் ஞாயிற்றுக்கிழமை காலையில் பனை ஏறிவிட்டு அதே கையோடு ஆலயத்துக்கு வருகிறார்கள்" என்றார்.

எனக்குக் காது சுட்டது.

பனைக்காட்டுச் சபைகளிலிருந்து வந்தவர்கள் அங்கே நான்கு பேர். நான்கு பேரையும் எழுந்து முன்னால் வரச் சொன்னார். மேசை மேல் ஒரு தாள் இருந்தது. ஓய்வுநாளில் இனி மரத்தைத் தொடமாட்டேன் என்று அதில் எழுதியிருந்ததை வாசித்துக் காட்டினார். கையெழுத்துப் போடுகிறவர்களுக்குத்தான் கடைசி நாளில் சீட்டு. இதை எங்கள் ஊருக்கு வந்த கடிதத்தில் எழுதவில்லை. அவ்வளவு தூரம் வரவழைத்து, அறுபது பேருக்கு முன்னால் நிறுத்திவைத்துச் சொல்கிறார்கள். மற்ற அறுபது பேருக்கும் அந்தத் தாள் கிடையாது. அவர்கள் ஞாயிற்றுக்கிழமை என்ன செய்கிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. சமையல்காரர் இரண்டு பேர் பந்தலுக்குப் பின்னால் அந்த நேரத்திலும் ராத்திரிச் சோற்றுக்கு அரிசி களைந்துகொண்டிருந்தார்கள்.

எனக்கு முன்னால் நின்ற மூன்று பேரும் போட்டுவிட்டார்கள். அதில் ஒருத்தன் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். அடுத்த ஞாயிறு அவன் மரத்தில்தான் இருந்திருப்பான்.

எழுத்துத் தெரியாத எனக்கு ரேகை வைக்க மை நனைத்த துணி கொண்டுவந்தார்கள். நான் கையை நீட்டவில்லை.

"என்ன தம்பி? பெருவிரல வையும்" என்றார் காரியதரிசி.

"ஐயா, ஒரு காரியம் கேக்கலாமா?"

"கேளும்."

"காலையில குடிச்சமே பதனி, அது எப்பம் எறக்குனது?"

அவர் யோசிக்காமல், "இன்னைக்குக் காலையிலதான். நீருதான ஊத்துனீரு?" என்றார்.

"இன்னைக்கு என்ன கெழமை?"

பந்தலில் யாரோ சிரித்தார்கள். அவர் முகம் மாறியது.

"முந்துன நாளு எறக்குனது இன்னைக்குக் குடிக்க ஆவாது ஐயா, புளிச்சுப்போவும். ஞாயித்துக்கெழம பதனி குடிக்கணும்னா ஞாயித்துக்கெழம ஒருத்தன் ஏறத்தான் செய்யணும். காப்பியில போட்ட கருப்பட்டியும் ஞாயித்துக் கருப்பட்டிதான். நாந்தான் சொமந்துட்டு வந்தேன். ஏறுனவன் பாவின்னா குடிச்சவுக யாரு?"

"அதிகப் பிரசங்கித்தனம் பேசாதேயும்! மில்லே நிக்குது, உம்ம பனை நிக்காதோ?"

"மில்லுக்கு வால்வ மூடுனா நிக்கும் ஐயா. பாளைக்கு எங்கன வால்வு இருக்குன்னு நீங்களே வந்து காட்டுங்க, மூடிருதேன்."

இப்போது எல்லாருமே சிரித்துவிட்டார்கள். அது எனக்குக் கெடுதலாகப் போயிற்று. சிரிக்காமல் இருந்திருந்தால் ஒருவேளை அந்த மனுஷர் இறங்கி வந்திருப்பார். அவர் தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, "சனிக்கிழமை வரைக்கும் உமக்கு நேரம் இருக்கு. ஜெபம் பண்ணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஆறு நாள். ஒவ்வொரு நாளும் யாராவது ஒருத்தர் வந்து பக்கத்தில் உட்காருவார். தோளில் கை போடுவார். "தாழ்மை வேணும் தம்பி" என்பார். நான் அவர்களுக்குச் சொன்னது ஒன்றுதான். ஞாயிறு ஏறமாட்டேன் என்று ரேகை வைத்துவிட்டு ஞாயிறு ஏறினால் அது பொய். ஏறாமல் இருந்தால் என் அப்பாவும் அம்மாவும் ஐப்பசிக்கு மேல் பட்டினி. இதில் எதை ஆண்டவர் கேட்கிறார்? எல்லாரும் ஜெபம் பண்ணு என்றுதான் சொன்னார்கள். நான் ஜெபம் பண்ணாமல் இல்லை. ஆற்றில் கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டு பண்ணினேன். ஒவ்வொரு தடவையும் மாமன் மகளுடைய முகந்தான் வந்தது. வைத்துவிடலாமே என்று தோன்றாமலும் இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவருடைய கூடாரத்து வாசல் வரைக்கும் போய் நின்றுவிட்டுத் திரும்பினேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், நான் பெரிய சூரன் இல்லை.

சனிக்கிழமை எல்லாரும் சீட்டு வாங்கினார்கள். நான் வெறுங்கையோடு கிளம்பினேன். கொண்டுபோன ஓலைப்பெட்டி இரண்டையும் கூடத் திருப்பித் தரவில்லை.

ஊருக்கு வந்தால், என் நாற்பது மரத்தில் ஏழு காய்ந்து கிடந்தது. பிள்ளைகள் மேல் தப்பில்லை. ஒரு கை சீவின பாளை இன்னொரு கைக்குச் சரியாக அமையாது. அவர்கள் அவ்வளவு காப்பாற்றினதே பெரிது.

சீட்டு இல்லை என்று கேட்டதும் மாமா தலையில் அடித்துக்கொண்டார். "ஒரு ரேகைதானல மாப்ள! வச்சுத் தொலைச்சா ஒன் வெரலு தேஞ்சா போயிரும்?"

மாமன் மகள் அடுப்படியிலிருந்து எழுந்து வந்தாள். கையில் பாகு கிண்டுகிற அகப்பை. என்னைப் புகழ்ந்து பேசப்போகிறாள் என்று நான் நினைத்தேன், அவ்வளவு மடையன் நான். "ஞாயம் பேசப் போனீராக்கும்? சீட்ட வாங்கி மடியில சொருவிக்கிட்டுப் பொறவு பேசுததுக்கு என்ன? வாய் மட்டும் கொழும்பு வரைக்கும் நீளுது, என்னையும் அங்கனயே அனுப்பிரும்!" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். பாகு அன்றைக்குத் தீய்ந்துபோனது. அவள் வாழ்க்கையில் தீய்ந்தது அந்த ஒரு பாகுதான் என்று பிற்பாடு சொல்வாள்.

அடுத்த ஞாயிறு வழக்கம்போல எல்லாரும் ஏறினோம், இறங்கினோம், மூன்றாம் மணிக்குக் கோயிலுக்குப் போனோம். ஆராதனை முடிந்து உபதேசியார் வாசலில் ஓலைப்பெட்டியோடு நின்றார், ஞாயிற்றுக் கருப்பட்டி வாங்க. ஒருத்தரும் கொண்டுவரவில்லை.

"என்னவே, இன்னும் காய்ச்சலையா?"

"காய்ச்சியாச்சு உபதேசியாரே" என்றார் அப்பா, ஒன்றும் தெரியாதவர் மாதிரி. "ஆனா ஞாயித்துக்கெழம ஏறுனது பாவம்னு பாவநாசத்துல சொல்லிட்டாகளாம். பாவத்துல காய்ச்சுனத எப்படிக் கோயிலுக்குக் குடுக்க? எங்க தலையில பழி வந்துராதா? அதான் எல்லாரும் வீட்டுலயே வச்சுக்கிட்டோம்."

"வே, வெளயாடாதேயும். எனக்குச் சம்பளம்?"

"காரியதரிசி ஐயாகிட்ட எழுதிக் கேளுங்க. அனல் உள்ளவுக அனுப்புவாக."

நாலு ஞாயிறு இப்படிப் போனது. கோயில் விளக்கு ராத்திரியில்கூட எரியாது என்கிற நிலை. ஐந்தாம் வாரம் ஐயரே வில்வண்டியில் வந்து இறங்கினார். அப்பாவோடும் மற்றப் பெரியவர்களோடும் ரொம்ப நேரம் பேசினார். அவரும் பனைக்காட்டில் பிறந்தவர்தான். ஞாயிறு ஏறாதே என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏறு என்றும் சொல்லவில்லை. கருப்பட்டி மறுபடியும் கோயிலுக்கு வர வேண்டும், என்னைச் சீட்டு இல்லாமலே திடப்படுத்தலுக்குச் சேர்த்துக்கொள்வார், அதுதான் பேச்சு. எனக்கு உயிர் வந்தது.

ஆனால் அடுத்த ஞாயிறு அவர் சபை முன்னால் ஒரு தாளை எடுத்து வாசித்தார். என் பெயரைச் சொல்லி, என் அப்பா பெயரைச் சொல்லி, கூடுகையில் நான் கீழ்ப்படியாமல் நடந்த குற்றத்தைச் சபை இரக்கமாக மன்னித்து, என்னைத் திடப்படுத்தலுக்குச் சேர்த்துக்கொள்ளுகிறது என்று வாசித்தார்.

மன்னித்து!

நான் எழுந்துவிட்டேன். முழுவதும் எழவில்லை, பாதி. என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அப்பா என் துண்டைப் பிடித்துக் கீழே இழுத்தார். "பைய இருலே" என்றார் வாய்க்குள்ளே. "ஓலை வாசிக்கட்டும்."

நான் உட்கார்ந்தேன்.

ஆடியில் அத்தியட்சர் வந்து என் தலையில் கை வைத்தார். ஆவணியில் மூன்று ஞாயிறு ஓலை வாசித்தார்கள். கலியாணம் நடந்தது. மாமா குடும்பம் அவள் இல்லாமல் கப்பலேறியது. ஐம்பது வருஷத்துக்கு மேல் சேர்ந்து வாழ்ந்துவிட்டோம். அவளுக்கு இப்போது காது கேட்காது, கோபம் மட்டும் குறையவில்லை. அதனால் அன்றைக்கு உட்கார்ந்ததுக்கு நான் வருத்தப்படுகிறேன் என்று சொன்னால் அகப்பை பறந்து வரும்.

ஆனாலும் கேளுங்கள். அறுபது பேர் பார்த்துக்கொண்டிருக்கையில் பொய்க்கு ரேகை வைக்காதவன், என் சொந்தச் சபையில், என்னோடு மரம் ஏறுகிறவர்கள் நடுவில், செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பை வாங்கிக்கொண்டு வாயை மூடி உட்கார்ந்தேன். அந்தத் தாள் இன்னும் கோயில் பெட்டியில் இருக்கிறது என்று சொல்கிறார்கள். வாசிக்கத் தெரிந்தவர்கள் எடுத்து வாசித்தால் நான் குற்றவாளி, அவர்கள் இரக்கமுள்ளவர்கள். காரியதரிசி குடித்த மூன்று பட்டை அதில் இல்லை. பதினோரு பேர் என் மரத்தையும் சேர்த்து ஏறினது இல்லை.

இப்போதும் வாலிபர் முகாம் என்று நடத்துகிறார்கள். மலைக்குப் போகிறார்கள், பாட்டுப் பாடுகிறார்கள், நல்லதுதான். எந்த மாதம் என்று கேட்டேன். சித்திரை வைகாசியில்தானாம்.

நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டதாக எழுதியிருந்தால் அது பொய். நீங்கள் நாலு ஊர் போகிறவர்கள், நாலு கோயிலில் ஏறி இறங்குகிறவர்கள். அந்தத் தாளை யாராவது எடுத்து வாசிக்கிற இடத்தில் நீங்கள் இருந்தால், எழுந்து நின்று இதைச் சொல்லுங்கள். உங்கள் துண்டை யாராவது பிடித்து இழுத்தால் உட்காராதீர்கள். நீங்கள் போகமுடியாத இடத்துக்கு, உங்களிடம் இதைக் கேட்டவர்களில் ஒருத்தரிடம் சொல்லி அனுப்புங்கள்.